ஒரு சிட்டிகை உப்பு

“பேதியில் போக!”

எங்கள் ஊர்க் கிழவிகளின் வாயில் நாளொன்றுக்குப் பத்து முறையாவது வந்து விழும் வசவு இது. ஆட்டுக்குட்டி கொல்லைக்குள் புகுந்து கீரையை மேய்ந்தாலும் இதே வசவு; பேரப்பிள்ளை சொன்ன சொல் கேளாமல் ஓடினாலும் இதே வசவு. சினம் இன்னும் கொஞ்சம் மிகுந்தால், “கொள்ளையில் போக!” என்பார்கள். கொள்ளை என்றால் திருட்டு அன்று, நண்பர்களே, கொள்ளை நோய்! மூன்றாவதாகவும் ஒன்று உண்டு: “பாடையில் போக!” பேதி, கொள்ளை, பாடை — வரிசையைப் பாருங்கள்! காலையில் ஒரு வீட்டில் பேதி. மாலையில் ஊரெங்கும் கொள்ளை. மறுநாள் விடியலில் பாடை. மன்னர்களின் பட்டாபிஷேகங்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்த ஏடுகள் மறந்துவிட்ட மக்கள் வரலாற்றை, இந்த மூன்று வசவுகள் மறக்காமல் சுமந்து வந்திருக்கின்றன.

வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, சிற்றூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறவன் நான். பானிப்பட்டுப் போர்கள் நடந்த ஆண்டுகளை என் மாணவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: 1526, 1556, 1761. பிழையே இராது. அதே வகுப்பில் ஒரு நாள், “வீட்டில் தம்பிப் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, என்ன கொடுப்பீர்கள்?” என்று கேட்டேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். “மாத்திரை” என்றான் ஒருவன். “ஊசி” என்றான் இன்னொருவன். “குளுக்கோஸ் ஏத்தணும் சார்!” என்று ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் முழங்கினார்கள். கடைசி வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். “ஒண்ணும் குடுக்கக் கூடாது சார். தண்ணி குடுத்தா இன்னும் அதிகமாயிடும், எங்க ஆயா சொல்லுச்சு” என்றாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

அந்த ஆயா சொன்ன வாக்கை நான் என் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். நான் அவனைப் பார்த்ததில்லை. 1996ஆம் ஆண்டுக் கோடையில், பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது, அவன் போய்விட்டான். நான் பிறந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. நிழற்படம் ஒன்றுகூட இல்லை. அம்மா அவனைப் பற்றிப் பேசுவது அரிது. பேசினால் ஒன்றையேதான் சொல்வாள். “தண்ணி இருந்த சொம்பையே பார்த்துக்கிட்டு இருந்தான்டா. கைய நீட்டி நீட்டி அழுதான். குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

பல் முளைக்கிறது, அதனால்தான் பேதி என்றார் ஒருவர். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை நீவினார் ஒருவர். தோஷம் என்று வேப்பிலையால் மந்திரித்துக் கயிறு கட்டினார் மற்றொருவர். ஆளுக்கொரு காரணம் சொன்னவர்கள், ஒரே ஒரு செய்தியில் மட்டும் ஒன்றுபட்டார்கள்: தண்ணீர் கூடாது, தாய்ப்பாலும் கூடாது! இரண்டாம் நாள் அழுகையில் கண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் அழுகையே வரவில்லை. பத்தொன்பதாவது அகவையில் மணமாகி, இருபத்தொன்றாவது அகவையில் பிள்ளையைப் புதைத்தாள் என் தாய்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவர்கள் கொடியவர்களா? இல்லை. அந்தக் குழந்தைக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள். மூடர்களா? அதுவும் இல்லை. அவர்களின் வாதத்தைக் கேளுங்கள்: ஊற்ற ஊற்ற வெளியேறுகிறது; ஆகவே ஊற்றுவதை நிறுத்தினால் வெளியேறுவது நிற்கும். ஓட்டைக் குடத்தில் யாராவது நீர் ஊற்றுவார்களா? கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தி! காரணமும் காரியமும் கைகோத்து நிற்பதுபோல் தெரிகிறதல்லவா? ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பேய் பிடித்தது, பிசாசு அடித்தது என்று வரும் மூடநம்பிக்கையை நம் இளைஞர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். பகுத்தறிவின் உடையை உடுத்திக்கொண்டு வரும் மூடநம்பிக்கையை அடையாளம் காண்பதுதான் கடினம். குழந்தை குடம் அன்று, செடி! வேரடி காய்ந்துகொண்டிருக்கிற செடிக்கு, இலை வாடுகிறது என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துவார் உண்டா?

பேதியில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கிருமி நேராகச் செய்யும் வேலையன்று. உடலில் ஏற்படும் வறட்சி. பச்சிளங் குழந்தையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு நீர்தான். எடையில் பத்தில் ஒரு பங்கு நீராக வெளியேறிவிட்டாலே உயிர் ஊசலாடத் தொடங்கும். கடுமையான காலராவில் வளர்ந்த மனிதனுக்கே ஒரு மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறுவதுண்டு. நீரோடு உப்பும் போகிறது. குருதி கெட்டிப்படுகிறது; நாடி தளர்கிறது; பிறகு, வசவில் வரும் அந்த மூன்றாவது சொல்.

நம் பாட்டிமார்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1831ஆம் ஆண்டு காலரா இங்கிலாந்தின் கரையைத் தொட்டபோது, அங்கே பட்டம் பெற்ற மருத்துவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீரிழந்து துடிக்கும் நோயாளியின் நரம்பைக் கீறி இரத்தத்தை வடித்தார்கள்! பேதியாகிறவனுக்கு மேலும் பேதி மருந்து கொடுத்தார்கள்! தோஷக் கயிறு கட்டிய எங்கள் ஊர்க்காரர் இவர்களைவிடத் தீங்கு குறைந்தவர் என்றே சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில், 22 அகவை இளைஞர் ஒருவர் — வில்லியம் ஓஷானஸி என்ற அயர்லாந்து நாட்டவர் — நோயாளியின் இரத்தத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தார். நீரும் உப்பும் குறைந்திருக்கின்றன. இழந்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், அந்தச் சொல்லைச் செயலாக்கி, உப்புநீரை நரம்பில் செலுத்தினார். செத்தவர்போல் கிடந்தவர்கள் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். உலகம் வியந்து, பின் மறந்துவிட்டது. (அந்த ஓஷானஸி பிற்பாடு கல்கத்தாவுக்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளையும் நிறுவினார். ஒரே மனிதர்!)

நரம்பில் ஏற்றும் உப்புநீர் பின்னர் நிலைபெற்றது. என் மாணவர்கள் முழங்கிய ‘குளுக்கோஸ்’ அதுதான். ஆனால் அதற்குத் தூய்மையான புட்டி வேண்டும், ஊசி வேண்டும், கட்டில் வேண்டும், கைதேர்ந்த செவிலியர் வேண்டும். நள்ளிரவில் எந்தக் குடிசையில் இருக்கின்றன இவை?

வாயால் குடித்தே பிழைக்க முடியாதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையில் பெரும்பகுதி வங்க மண்ணில் நடந்தது. அங்கே காலராவுக்கென்றே ஒரு தெய்வம் உண்டு. இந்துக்கள் ஓலாதேவி என்று கும்பிட்டார்கள். முஸ்லிம்கள் ஓலாபீபி என்று வேண்டினார்கள். வேறு எதிலும் சேராதவர்கள் அச்சத்தில் சேர்ந்து நின்றார்கள்! அந்த வழிபாட்டால் பேதி நின்றதாகத் தெரியவில்லை. அதே மண்ணில், 1953இல் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்ததாக இலண்டன் மருத்துவ ஏட்டில் எழுதினார். எவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1959இல் அதே நகரத்தின் சம்புநாத் டே, காலராக் கிருமி குடலுக்குள் ஒரு நஞ்சைக் கக்குகிறது, அந்த நஞ்சே நீரைக் கொட்டச் செய்கிறது என்று நிறுவினார். 1960இல் இராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க அறிஞர், சர்க்கரை குடலுக்குள் நுழையும் வழியைக் கண்டு சொன்னார்.

அந்த வழி இருக்கிறதே, வேடிக்கையானது! குடலின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத வாயில்கள் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒரு வகை வாயிலில் நிற்கும் காவற்காரன், சர்க்கரை தனியே வந்தால் உள்ளே விடமாட்டான். உப்பு தனியே வந்தாலும் விடமாட்டான். இரண்டும் கைகோத்து வந்தால்தான் கதவைத் திறப்பான். நாட்டில் எத்தனையோ வாயில்களில் ஆளைப் பிரித்துப் பார்த்து உள்ளே விடும் காவற்காரர்களைக் கண்டிருக்கிறோம். சேர்ந்து வந்தால் மட்டுமே விடும் காவற்காரனை நம் குடலுக்குள்தான் காண்கிறோம்! இரண்டும் நுழைந்ததும் அவற்றின் பின்னே நீரும் நுழைகிறது. காலரா நஞ்சு வேறொரு மடையைத் திறந்துவிட்டு நீரை வெளியே கொட்டுகிறதே தவிர, இந்தக் கதவை அதனால் அடைக்க முடிவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது; உப்புநீர் மட்டும் கொடுத்தாலும் போதாது; உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் வேண்டும். 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்து மெய்ப்பித்தார்கள்.

ஆயினும் மருத்துவமனைக்குள் தேர்ந்த கண்காணிப்பில் நடந்தது, வெட்டவெளியில் நடக்குமா? ஐயம் தீரவில்லை. ஐயத்தைத் தீர்த்தது ஒரு பேரழிவு.

1971. வங்கதேச விடுதலைப் போர். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அடைக்கலம் தேடி வந்தார்கள். மழைக்காலம், முகாம்களில் காலரா. எல்லையோர ஊரான போன்காவின் சிறு மருத்துவமனைக்கு ஜூன் மாதத்தில் வந்து சேர்ந்தார் திலீப் மகாலனபீஸ் என்ற குழந்தை மருத்துவர். இரண்டே அறைகள். தரையெங்கும் நோயாளிகள்; வாந்தியும் மலமும். அந்தத் தரையில் முழங்காலிட்டுத்தான் அவர் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கான உப்புநீரும் தீர்ந்துகொண்டே வந்தது. நாளுக்கு நாள் நோயாளிகள் பெருகினார்கள்.

அவர் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, முகாமுக்குக் கொண்டுவந்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார்கள். கொடுத்தவர் யார்? மருத்துவர் அல்லர்; செவிலியரும் அல்லர். நோயாளியின் தாய், தங்கை, கணவன்! குவளையில் பிடித்துச் சென்று, நோயாளி கேட்கக் கேட்க ஊட்டினார்கள். நூற்றுக்கு 20, 30 என்று சாவு விழுந்துகொண்டிருந்த இடத்தில், அவர் பார்வையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடையே அது நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது.

பெரிய மருத்துவர்கள் நம்பத் தயங்கினார்கள். உறவினர் கையில் மருத்துவமா என்று முகம் சுளித்தார்கள். அவருடைய கட்டுரை 1973இல்தான் வெளியாயிற்று. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பருவா முகாமுக்கு வந்து தம் கண்ணாலேயே கண்டதால், அந்தச் செய்தி உலக மன்றத்துக்குச் சென்றது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து நுழையும் அந்த உண்மையை, இந்த நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978இல் இலண்டன் ஏடு பாராட்டிற்று. சாட்டர்ஜியின் கட்டுரை 25 ஆண்டுகளுக்கு முன் வந்ததும் அதே ஏட்டில்தான்! மகாலனபீஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். 2023இல் பத்மவிபூஷண் விருது வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இந்தக் கதையை ஒரு நாள் இரவு அம்மாவுக்குச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“எந்த வருசம்னு சொன்னே?”

“1971.”

விரல்களை மடக்கி எண்ணினாள். “நான் பொறக்கவே இல்லடா அப்போ” என்றாள். சிறிது நேரம் கழித்து, “உப்பு இருந்துச்சு. சர்க்கரை ரேஷன்ல வாங்கினது ஒன்றரை கிலோ இருந்துச்சு” என்றாள். பிறகு முறத்தைக் கையிலெடுத்தாள்.

என் தாய் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்னமே மெய்ப்பிக்கப்பட்ட உண்மை, 25 ஆண்டுகள் நடந்தும் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை! கல்கத்தாவிலிருந்து எங்கள் ஊருக்கு இரயில் இரண்டு நாளில் வந்துவிடும். கடிதம் ஐந்து நாளில் வந்துவிடும். திரைப்படப் பாட்டு ஒரு கிழமையில் வந்துவிடும். அறிவுக்கு மட்டும் ஏன் கால் முளைக்கவில்லை? கண்டுபிடித்தவர் கடமையை முடித்துவிட்டார்; கொண்டு சேர்க்க வேண்டியவர் யார்?

இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர்கள் வங்கதேசத்துச் சிற்றூர்ப் பெண்கள். பெரிய விருது எதுவும் அவர்கள் பெயர் சொல்லி வழங்கப்படவில்லை. ஆனாலும் இந்தக் கதையில் என் நெஞ்சைக் கொள்ளைகொண்டவர்கள் அவர்களே.

போர் முடிந்த மறு ஆண்டு, 1972இல், ஃபஸ்லே ஹசன் ஆபெத் என்பவர் ‘பிராக்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1980 முதல் பத்தாண்டுகள் அது ஒரு வேலையை மேற்கொண்டது: நாட்டின் வீடுகளுக்கெல்லாம் சென்று, தாய்மார்களை நேரில் கண்டு, பேதி மருந்தைத் தம் கையாலேயே செய்யக் கற்பிப்பது! பொட்டலம் கூட இல்லை. மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர். எழுத்தறியாத பெண்களே பெரும்பான்மை. ஆகவே துண்டறிக்கையால் பயனில்லை. ஊர் ஊராகக் குழுக் குழுவாக நடந்து சென்றார்கள், இளம்பெண்கள். ஒவ்வொரு தாயையும் அவளே கலக்கச் செய்தார்கள். இவர்கள் கலந்து காட்டிவிட்டு வந்ததில்லை. பத்தாண்டு முடிவில் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகள்!

இதில் ஒரு நுட்பம். ஆசிரியத் தொழில் புரிகிறவன் என்ற முறையில் அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? சில கிழமைகள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைப் பொறுக்கியெடுத்து, தாய்மாரைக் கேட்பார்: எவ்வளவு உப்பு? எவ்வளவு வெல்லம்? எப்போது கொடுக்க வேண்டும்? தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்களோ, அதற்கேற்பவே கற்பித்தவருக்குக் கூலி! மாணவன் மறந்தால் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை என்று நம் பள்ளிகளில் ஒரு சட்டம் வந்தால்… வேண்டாம், நண்பர்களே, அந்தப் பேச்சு வேண்டாம். எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, தேநீர் குடித்துக்கொண்டிருந்த மூத்தவர் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

அதன் பிறகும் ஒரு தடை. தாய்மார்களுக்கு நினைவிருந்தது, ஆனால் பேதி வந்தபோது கலந்து கொடுத்தவர் மிகச் சிலரே. ஏன்? தேடிப் பார்த்தால், கற்பித்த பெண்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை! தமக்குப் பேதியானால் வேறு மாத்திரையைத் தேடினார்கள். உப்பும் வெல்லமும் மருந்தாகுமா என்ற ஐயம் அவர்கள் நெஞ்சிலும் இருந்தது. பிறகுதான் அவர்களுக்கு அந்தக் காவற்காரனின் கதையை, அறிவியலை, விளக்கினார்கள். வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவில்லை என்பதும் தெரிந்தது. கடைவீதிகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். கலந்து கொடுப்போர் தொகை ஏறிற்று. இன்று பேதி கண்ட குழந்தைகளுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது அந்த ஏழை நாடு. இந்தியாவில் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பேதி கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 61 பேருக்குத்தான் அது கிடைத்திருக்கிறது. மீதி 39 பேர்? 1980 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 46 இலட்சம் குழந்தைகளை உலகெங்கும் கொன்ற பேதி, இன்று ஏறத்தாழ 4 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகளைக் கொல்கிறது. பத்தில் ஒன்றாகக் குறைந்தது பெருமைதான். எஞ்சியிருப்பது எங்கள் அண்ணனைப் போன்ற நான்கரை இலட்சம் பேர்.

சரி, கைக்கு வரும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இதை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் விலையின்றிக் கிடைக்கும் பொட்டலமே முதல் தேர்வு. 20.5 கிராம் எடையுள்ள பெரிய பொட்டலம் முழுவதையும், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைப் பிரித்துப் போடுவது கூடாது, அளவு கெட்டுவிடும். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லாத நள்ளிரவில், அதே ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. தலைதட்டுவதை மறக்கக் கூடாது. உப்பு மிகுந்தால் தீங்கு. கொடுக்குமுன் நீங்கள் ஒரு வாய் பருகிப் பாருங்கள்: கண்ணீரைவிடக் கரித்தால், கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

இரண்டு அகவைக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வெளியேறிய பின்னும் கால் தம்ளர் முதல் அரைத் தம்ளர் வரை, கரண்டி கரண்டியாக. அதற்கு மூத்த பிள்ளைக்கு அதைப்போல் இரு மடங்கு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடுகிற பிள்ளைக்குச் சோற்றையும் நிறுத்தக் கூடாது. இந்தக் கரைசல் போக்கை உடனே நிறுத்திவிடாது. அது உயிரைக் காக்கும், போக்கு பெரும்பாலும் சில நாள்களில் தானாக அடங்கும். இதைச் சொல்லாமல் விட்டால், “குடுத்தோம், நிக்கலையே” என்று தாய்மார் கைவிட்டுவிடுவார்கள். துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்ற பிறகும் பதினான்கு நாள் முழுமையாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். கண் குழி விழுந்தாலோ, அழுதும் கண்ணீர் வராவிட்டாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெல்ல மெல்லத் திரும்பினாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, நேரம் பார்க்க வேண்டா, இராகுகாலமும் பார்க்க வேண்டா. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள், வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே.

இன்னொன்று. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே. கஞ்சியிலுள்ள மாப்பொருள் குடலில் சர்க்கரையாகப் பிரிகிறது. பிறகு அதே கதவு, அதே காவற்காரன். கஞ்சி காய்ச்சிக் கொடு என்ற பாட்டியின் சொல் உண்மை; தண்ணீரை நிறுத்து என்ற அதே பாட்டியின் சொல் பொய். பழமை என்பதற்காக ஒன்றை ஏற்கவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. சோதித்துப் பார்ப்பது நம் வேலை.

புதுமை என்று சொல்லி விற்கப்படுவதையும் சோதித்தாக வேண்டும். ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளை அட்டைப்பெட்டியில் பெரிதாகப் பொறித்து, பழச் சுவையும் நிறமும் சேர்த்து, உரிய அளவைப்போல் பல மடங்கு சர்க்கரை கலந்த குடிநீர்கள் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. சர்க்கரை மிகுந்தால் குடல் நீரை உறிஞ்சாது. மாறாக, உடலிலிருந்து நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் போக்கு கூடும். தண்ணீர் கொடாத மடமை ஒரு புறம். மருந்தின் பெயரால் நோயை வளர்க்கும் வாணிகம் மறுபுறம்! ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டாண்டுகள் தனித்து நின்று இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த எழுத்துகளைத் தகுதியற்ற குடிநீர்களின் மேல் பொறிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. அட்டையின் முகப்பைப் பாராதீர்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுப்படி செய்யப்பட்டது என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பள்ளியில் இப்போது சனிக்கிழமைகளில் ஒரு வேலை நடக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிருவர், ஒரு லிட்டர் புட்டி, ஒரு தேக்கரண்டி, உப்பு, சர்க்கரை. கடைசி வரிசைச் சிறுமிதான் தலைவி. அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பதவி. பள்ளிக்கு அப்பாலுள்ள குடியிருப்புகளில் கைக்குழந்தையுள்ள வீடுகளாகப் பார்த்துச் செல்கிறார்கள். வங்கத்துப் பெண்களைப்போல, பிள்ளைகள் கலந்து காட்டுவதில்லை. வீட்டுக்காரம்மாவைக் கலக்கச் செய்கிறார்கள். முதல் கிழமை அவள் தன் ஆயாவின் வீட்டுக்கே எங்களை அழைத்துச் சென்றாள். ஆயா புட்டியை ஏற இறங்கப் பார்த்தது. “இது மருந்துன்னா, டாக்டரு எதுக்கு ஊசி போடுறாரு?” என்று கேட்டது. நல்ல கேள்வி! பேத்தி காவற்காரன் கதையைச் சொன்னாள், நான் சொன்னதைவிட நன்றாக. ஆயா ஒரு வாய் குடித்து, உதட்டைச் சப்பி, “எலுமிச்சம்பழம் புழிஞ்சா நல்லா இருக்கும்” என்று தீர்ப்பளித்தது.

முப்பத்தொரு வீடுகள் முடிந்தன. ஒரு மாதம் கழித்துச் சீட்டுக் குலுக்கிப் பத்து வீடுகளை எடுத்து, வேறு பிள்ளைகளை அனுப்பிக் கேட்டுவரச் சொன்னேன். ஏழு வீடுகளில் அளவு பிசகாமல் சொன்னார்கள். ஒரு வீட்டில் உப்பு ஆறு கரண்டி, சர்க்கரை அரைக் கரண்டி என்று மாற்றிச் சொல்லியிருந்தார்கள். அங்கே மட்டும் அன்று மாலையே தலைவியும் நானும் மீண்டும் போய், இரண்டு முறை கலக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தோம். மற்ற இரண்டு வீட்டாரும் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள், கைக்குழந்தைகளோடு. பங்குனியில்தான் திரும்புவார்களாம். எந்த ஊர் ஆலைப் பக்கம் தங்கியிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்திருக்கிறாள் தலைவி. பேருந்துக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.